எனக்கு வோட்டில்லாத தேர்தல்

சிட்னி பென்டில் ஹில்லில் என் பக்கத்து வீட்டுக்காரன் எந்தக் கட்சிக்கு வோட்டுப் போடுகிறான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒஹாயோவில் ட்ரக் ஓட்டுகிறவர் யாருக்குப் போடுவார், ஏன் போடுவார், போன முறை யாருக்குப் போட்டார், இந்த முறை ஏன் மனம் மாறினார் எல்லாம் தெரியும். நான் அமெரிக்கா போனதில்லை. அங்கே எனக்குச் சொந்தம் என்று ஒரு பூனைக்குட்டிகூட இல்லை. தெரிந்ததற்குக் காரணம் என் உத்தியோகம்.

பரமட்டாவில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடி. காதில் ஹெட்செற், முன்னால் கம்ப்யூட்டர். அமெரிக்க நம்பர்களை அதுவே சுழற்றும், யாராவது எடுத்தால் நான் கருத்துக்கணிப்புக் கேள்வி கேட்கவேண்டும். நாடு சரியான வழியில் போகிறதா, பிழையான வழியில் போகிறதா? இன்றைக்குத் தேர்தல் வைத்தால் யாருக்குப் போடுவீர்கள்? அவர்களுடைய பின்னேரம் எங்களுடைய காலை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து அவர்கள் சப்பாத்தைக் கழற்றுகிற ஆறு மணி, சிட்னியில் சனிக்கிழமை காலை பத்து மணி. அந்தக் கணக்கு எனக்கு நித்திரையிலும் வரும். இங்கே வந்து முதல் பதினெட்டு வருசம் தொழிற்சாலைகளில் பெட்டி தூக்கி முதுகு போனபிறகு கிடைத்த கதிரை வேலை இது. நான் அதை மரியாதையாகத்தான் செய்தேன்.

வேலையில் சட்டம் மூன்று. எழுதியிருக்கிற கேள்வியை எழுதியிருக்கிறபடியே வாசிக்கவேண்டும். பதிலுக்கு ‘நல்லது’ என்றோ ‘அப்படியா’ என்றோ வாய் தவறியும் சொல்லக்கூடாது, ஏனென்றால் நான் எந்தப் பக்கம் என்று அவர்களுக்கு மணக்கக்கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். பதில் சொன்னதும் ‘ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்கவேண்டும். அதற்கும் பதில் சொன்னபிறகு ‘வேறேதும் உண்டா?’ என்று கேட்கவேண்டும். இல்லை என்று அவர்கள் வாயால் வரும்வரை கேட்கவேண்டும். சனம் முதலில் சொல்லுவது ரீவியில் கேட்டதை. தங்களுடைய சொந்தக் கதை இரண்டாவது ‘வேறேதும்’ கேட்டபிறகுதான் வெளியில் வரும்.

அங்கே கட்சி இரண்டு. பெயர் வேண்டாம், நிறத்தைச் சொன்னால் உலகத்துக்கே விளங்கும்: சிவப்பு, நீலம். ஒரு நாள் ஒரு மனுசி இரண்டு கட்சியையும் வாயாரத் திட்டினார். வேறேதும் உண்டா என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் மற்றக் கட்சியின் பலகையை முற்றத்தில் நட்டிருக்கிறாராம், ஆனால் தனக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் வைத்துக்கொண்டு வந்தது அந்த ஆள்தானாம். இன்னொரு நாள் ஒரு கிழவர். நாலு வருசமாகத் தம்பியோடு பேச்சு இல்லை, வோட்டால் வந்த சண்டை என்றார். வேறேதும் உண்டா என்றேன். தம்பி ஆப்பிள் பை நன்றாகச் செய்வான் என்றார். நான் அதையும் அப்படியே அடித்து வைத்தேன்.

அந்தக் கிழவரின் கதையை அந்தச் சனிக்கிழமையே சிநேகிதனுக்குச் சொன்னேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். “விசர்ச் சனம் மச்சான். வோட்டுக்காக ஆரும் தம்பியோட கதைக்காம இருப்பானே?” என்றேன் நான். சொன்னது இந்த வாய்தான்.

சிநேகிதனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் பக்கத்து ஊரான கிரவீனில் இருக்கிறான், பஸ் ஓட்டுகிறான். நாங்கள் ஒரே வருசம் இந்த நாட்டுக்கு வந்து, ஒரே ஃபிளாற்றில் ஒரே ரைஸ் குக்கரில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். பிறகு அவன் வீடு வாங்கியதும் அவனுடைய கராஜ்தான் எங்கள் சங்கம். என் வேலை ஒரு கிழமை விட்டு ஒரு கிழமைதான் சனிக்கிழமையில் வரும். மற்றச் சனிக்கிழமைகளில் பென்டில் ஹில் தமிழ்க் கடையில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு, அவனுடைய கராஜ் கதவைத் தூக்கி, இரண்டு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, தேத்தண்ணியோடு இருப்போம். அவன் அமைதியான ஆள். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். அவன் கேட்பான், நான் பேசுவேன். முப்பது வருசம் அப்படித்தான் ஓடியது.

அவனுக்கு ஒரே மகள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவனுடைய மனைவிக்கு இருந்த ஒரே தம்பியும் யுத்தத்தில் போய்விட்டான். அதனால் அந்தப் பிள்ளை வயசுக்கு வந்து சாமத்தியப்பட்டபோது தாய்மாமன் இடத்தில் என்னைத்தான் நிற்கச் சொன்னார்கள். எல்லாரையும் அங்கிள் அன்ரி என்கிற பிள்ளை என்னை மட்டும் மாமா என்று கூப்பிட்டது. கிரவீன் மண்டபத்தில் அவளுக்குத் தண்ணி வார்க்க முதல் நான் தேங்காய் உடைத்தேன். மூன்று அடி அடித்தும் அது உடையவில்லை. நாலாவது அடிக்கு உடைந்து இளநீர் முழுக்க என் சட்டையில். “கலியாணத்துக்கு முதல் கொஞ்சம் எக்சசைஸ் செய்துபோட்டு வா மச்சான்” என்று அவன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். பிள்ளை ஈரத் தலையோடு சிரித்துச் சிரித்து, “மாமா, என்ர வெடிங்குக்கு மணவறைக்கு என்னை நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போகவேணும், promise?” என்றாள். நானும் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்த வருசமே ஊருக்குப் போய்வந்தவரிடம் சொல்லி ஒரு பட்டுவேட்டி எடுப்பித்து அலுமாரியில் வைத்தேன். மனைவி சிரித்தார். “பெட்டைக்குப் பதின்மூண்டு வயசு. அதுக்குள்ள வேட்டியோ?”

அவள் படித்து, மேல்படிப்புக்கு அமெரிக்கா போனாள், அங்கேயே வேலையும் எடுத்தாள். அந்த நாடு எனக்கு உத்தியோகம், அவனுக்குப் பிள்ளை இருக்கிற இடம்.

போன தேர்தலுக்கு ஒரு வருசம் இருக்கும்போதுதான் அவன் மாறத் தொடங்கினான். அதுவரை அவனும் என்னைப்போல நீலம். திடீரென்று பஸ் டிப்போவில் இருக்கிற நேரம் எல்லாம் அந்தச் சிவப்புக் கட்சிக்காரர்களின் பேச்சுகளை ஃபோனில் கேட்கிறான். “மச்சான், அங்க சின்ன ஊர்ச் சனத்துக்கும் ஒரு கதை இருக்கடா. பக்டரி பூட்டினால் அந்தச் சனம் எங்க போறது?” என்று ஒருநாள் கேட்டான். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“ஆரடா உனக்கு மந்திரிச்சுவிட்டது? நான் நாள்முழுக்க அந்தச் சனத்தோட கதைக்கிறன். எனக்குத் தெரியும். மூளை இருக்கிறவன் அந்தப் பக்கம் போவானே?”

“நீ கதைக்கிறாய்தான். ஆனா…” என்று இழுத்துவிட்டு அவன் தேத்தண்ணியைக் குடித்தான். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் கேட்டேனா? இல்லை. முன்பின் தெரியாதவனிடம் வேறேதும், வேறேதும் என்று கெஞ்சிக் கேட்கிறவன், முப்பது வருசச் சிநேகிதனிடம் ஒருதரம்கூட ஏன் என்று கேட்கவில்லை. இதை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையவேண்டும் போல இருக்கிறது.

உண்மை என்னவென்றால், கிழமை முழுக்க நாலாம் மாடியில் என் வாய்க்குப் பூட்டு. ஒருத்தன் என்ன உளறினாலும் நான் ‘நன்றி, அடுத்த கேள்வி’ என்று சொல்லவேண்டும். அப்படி அடக்கி வைத்ததை எல்லாம் கராஜில் கொண்டுபோய்க் கொட்டினேன். அந்த ஒஹாயோக்காரனுக்குச் சொல்ல முடியாத பதிலை இவனுக்குச் சொன்னேன். ஊரார் கலியாணத்துக்கு மார்பிலே சந்தனம் என்பார்களே, அதுதான். எனக்கு வோட்டில்லை, அவனுக்கு வோட்டில்லை, எங்கள் இரண்டு பேருடைய சத்தத்துக்கு அவனுடைய மனைவி குசினி ஜன்னலைச் சாத்துவார்.

அவன் பெரும்பாலும் திருப்பிக் கத்தமாட்டான். ஒருநாள் மட்டும் சொன்னான், “நீ கதைக்கிறது ஆக்களைப் பற்றியடா. கலரைப் பற்றி இல்லை.” அதற்கும் நான் ஒரு நக்கல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, அவன் முகம் ஞாபகம் இருக்கிறது.

தேர்தல் முடிந்தது. முடிவு எங்களுக்குப் புதன்கிழமை பின்னேரம் வந்தது. சிவப்புக் கட்சி வென்றது. அடுத்த நாள் வேலைக்குப் போனால் ஃபோனில் பாதிப் பேர் பாட்டுப் பாடுகிறார்கள், பாதிப் பேர் அழுகிறார்கள். நான் இரண்டு பக்கத்துக்கும் ஒரே குரலில் நன்றி சொன்னேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது எனக்குள் அடுப்பில் வைத்த தாச்சிபோலக் கொதித்தது.

அது எனக்கு லீவுச் சனிக்கிழமை. மனைவி முதியோர் இல்லத்துக்குக் காலை வேலைக்குப் போய்விட்டார். நான் வேண்டுமென்றே கராஜுக்குப் போகவில்லை. பத்து மணிக்குப் பெல் அடித்தது. திறந்தால் அவன். தலையை வாரி இழுத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, முகம் முழுக்கச் சிரிப்பு. ஒரு கையில் லட்டுப் பெட்டி. மறு கையில் ஃபோனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

“முதல்ல வாயைத் திற. இதைச் சாப்பிடு. பிறகு சொல்லுறன்” என்று ஒரு லட்டை எடுத்து நீட்டினான்.

எங்களுக்குள் அது வழக்கம். நல்ல செய்தி என்றால் இனிப்பு முதலில், செய்தி பிறகு. அவன் வீடு வாங்கியபோதும், எனக்குச் சிற்றிசன்ஷிப் கிடைத்தபோதும், பிள்ளைக்குக் கம்பசில் இடம் கிடைத்தபோதும் அப்படித்தான். வழக்கம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தக் கிழமை என் தலைக்குள் வேறு செய்தி ஒன்றும் இருக்கவில்லை. மூன்று நாளுக்கு முதல் அவனுடைய கட்சி வென்றிருக்கிறது, இவன் லட்டோடு வந்து நிற்கிறான். வேறு என்னவாக இருக்கும்?

“உன்ர கட்சி வெண்டதுக்கு என்ர வாசலில வந்து லட்டுக் குடுக்கிறியோ? உனக்கு வெக்கமில்லையே?” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவனுடைய சிரிப்பு அப்படியே நின்றது. “இல்ல மச்சான், நீ ஒருக்கா…”

“ஒரு கதையும் வேண்டாம்! அந்தக் கட்சிக்குப் போட்டதுகள் மனிசரே? மிருகங்கள். அந்தச் சனத்தோட உறவு கொண்டாடுறவன் ஆராயிருந்தாலும் என்ர வாசல்படி மிதிக்கக்கூடாது. சொல்லிப்போட்டன்!”

நான் தட்டினேனா, அவனாகவே விட்டானா தெரியாது, கையிலிருந்த லட்டு படியில் விழுந்து உதிர்ந்தது. அவன் வாய் திறந்து ஏதோ சொல்லப்போனான். பிறகு ஃபோனைக் குனிந்து பார்த்தான். அதைச் சட்டைப் பைக்குள் போட்டான். பெட்டியைச் சப்பாத்து அடுக்குகிற தட்டின் மேல் மெதுவாக வைத்துவிட்டு, கேற்றைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான். நான் பெட்டியைத் திறந்தும் பார்க்காமல் குப்பை வாளிக்குள் போட்டேன். படியைக் கூட்டினேன். மனைவி வந்து கராஜுக்குப் போகவில்லையா என்று கேட்டபோது, “அவன் லட்டோட இஞ்ச வந்தவன், நல்லாப் பேசி அனுப்பினனான்” என்று பெருமையாகச் சொன்னேன்.

“என்னத்துக்கு லட்டு எண்டு கேட்டனீங்களே?” என்றார் மனைவி.

“கேக்க என்ன கிடக்கு?”

அதன்பிறகு சனிக்கிழமைகள் நீளமாகிவிட்டன. மீனும் கீரையும் வாங்கி நேரே வீட்டுக்கு வருவேன். அவன் வந்து மன்னிப்புக் கேட்பான் என்று காத்திருந்தேன், கேளுங்கள் இந்த அநியாயத்தை. “நீங்கள் போய்க் கதையுங்கோ. வாய்விட்டது நீங்கள்” என்று மனைவி கிழமைக்கு ஒருதரம் சொல்லுவார். எனக்கு ரோசம். வேலையில் கிழவர்கள் யாராவது ஃபோனை எடுத்தால் அந்த ஆப்பிள் பைக்காரர் ஞாபகம் வரும். சிரிப்பு வராது.

மூன்று மாதம் போயிருக்கும். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன். எங்கள் இரண்டு குடும்பத்தையும் தெரிந்த அன்ரி ஒருவர் வண்டிலைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“என்ன தம்பி, மாமன்காரனுக்குக் கலியாண வேலை கூடவே? ஆளைக் காணேல்லை.”

“எந்தக் கலியாணம் அன்ரி?”

“பகிடி விடுறீரே? உம்மட மருமகளின்ர. மாப்பிள்ளை அமெரிக்கன் பெடியன், நல்ல பிள்ளையாம். ஏதோ சின்ன ஊராம், சம்பந்தி ட்ராக்டர் திருத்திறவராம். அதுகள் அந்தச் சிவப்புக் கட்சி ஆக்கள், ஆனா நல்ல சனம் எண்டு தேப்பன் சொன்னவர். ஒரு வருசமாச் சம்பந்தியோட ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில கதைச்சுக் கதைச்சு, பிள்ளைக்காக அவையின்ர கதையெல்லாம் படிச்சவராம், பாவம். சரிவருமட்டும் வாய் திறக்கேல்லை, கண்பட்டுப்போம் எண்டு. அந்த எலக்சன் கிழமைதானே சரிவந்தது. அண்டைக்கு எங்களுக்கும் லட்டுக் கொண்டுவந்து தந்தவர். முதல் பெட்டி உமக்குத்தான் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சார். நீர் தெரியாதமாதிரி நிக்கிறீர்!”

கையில் இருந்த முருங்கைக்காயை எங்கே வைத்தேன் என்று தெரியாது. ஒன்றும் வாங்காமல் வெளியில் வந்து, ஸ்ரேசன் வாங்குப் பலகையில் குந்திவிட்டேன். இரண்டு ரெயின் வந்து போனது. ஐயோ, பிள்ளையின் கலியாணச் செய்தியைக் குப்பை வாளிக்குள் போட்டவன் நான். எங்கள் சனத்தின் வழக்கம் எனக்குத் தெரியாதா? கலியாணப் பேச்சை முற்றாக்கும்வரை பெற்ற தாய்க்கும் சொல்லமாட்டோம். அதனால் அவன் என்னிடமும் வாயைக் கட்டினான். ஏன் அந்தச் சனத்தின் பக்கம் பேசினான் என்று ஒரேயொரு தரம் கேட்டிருந்தால், அவன் அந்தக் கராஜிலேயே எனக்கு மட்டும் சொல்லியிருப்பான். அவனால் என்னிடம் ஒன்றை மறைக்க முடியாது.

வாங்கில் இருந்தே ஃபோன் எடுத்தேன். மூன்றாவது மணியடிப்பில் எடுத்தான்.

“மச்சான், எனக்குத் தெரியாதடா. இப்பத்தான் கடையில…”

“ம். விடு. அது முடிஞ்ச கதை.”

“என்னை மன்னிச்சுக்கொள்ளடா. எனக்கு விசர். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டு நீதானே சொல்லுவாய்.”

“நான் எப்பவோ மறந்திட்டன். உன்ர வாயை எனக்குத் தெரியாதே? கலியாணக் காட் தபாலில போட்டிருக்கு. ரெண்டு பேரும் வாங்கோ.”

தபாலில். நெருங்கின ஆட்களுக்கு வீடு தேடி வந்து, கையில் கொடுத்துச் சொல்லுவதுதான் எங்கள் முறை. தபால் என்பது தெரிந்தவர்களுக்கு. நான் கேட்டேன். “மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போறது… வேட்டி கிடக்கு மச்சான், அண்டைக்கு எடுத்தது.”

“அதுக்கு மெல்பேர்ன் நோபல் பார்க்கில இருந்து மனிசியின்ர ஒண்டுவிட்ட அண்ணர் வாறார். நான் உன்னைத்தான் சொன்னனான். பிள்ளை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டாள்.”

பிள்ளை ஏன் வேண்டாம் என்றாள்? அதுதான் எனக்கு விளங்கவில்லை. சண்டை அவனுக்கும் எனக்கும். நடந்தது என் வாசலில். அவள் உலகத்தின் மற்றப் பக்கத்தில் இருந்தவள். இவன் வீட்டுக்குப் போய் நான் சொன்னதை ஒன்றுக்குப் பத்தாக அவளிடம் ஓதிவிட்டானா? ஒரு கிழமை அப்படியும் நினைத்தேன், பாருங்கள். பிழையும் செய்துவிட்டு, அவன்மேல் சந்தேகமும் பட்டேன்.

அதே கிரவீன் மண்டபத்தில் நடந்த கலியாணத்துக்குப் போனோம். பட்டுவேட்டியைக் கட்டவில்லை, சாதாரண காற்சட்டை சேர்ட். பின்வரிசையில் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். ஆண்கள் எல்லாரும் வேட்டியை பெல்ற்றால் இறுக்கிக்கொண்டு, சந்தனப் பொட்டு வியர்வையில் வழிய, ஐயர் சொன்னதை எல்லாம் பயபக்தியோடு செய்தார்கள். மேளம் உரத்து அடிக்க, நோபல் பார்க் மனிதர் என் பிள்ளையின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்னைத் தாண்டிப் போகும்போது அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனாள். என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரம், ஓர் உயரமான வெள்ளைக்காரர் தட்டோடு எங்கள் மேசைக்கு வந்தார். பெரிய கை, நகத்துக்குள் கழுவியும் போகாத கறுப்பு எண்ணெய். மாப்பிள்ளையின் தகப்பன். என்னைப் பார்த்து, “நீங்கள்தானே மாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மாமா என்ற சொல்லை மட்டும் தமிழில் சொன்னார். “சாமத்தியவீட்டுப் படத்தில் பார்த்திருக்கிறேன். சட்டை முழுக்கத் தண்ணீர்!”

ஓம் என்று எழும்பினேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“உங்களைப் பார்க்கவேண்டும் என்று எத்தனை நாள் நினைத்தேன் தெரியுமா? அன்றைக்கு, அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், நாங்கள் எல்லோரும் சமையலறை மேசையைச் சுற்றி இருந்தோம். மாமாவுக்கு நான்தான் சொல்லுவேன் என்று அவள் தகப்பனோடு வீடியோ கோலில் நின்றாள். உங்கள் வீட்டுக் கதவு திறந்தது கேட்டது. ஃபோனில் அவருடைய சட்டை மட்டும்தான் தெரிந்தது. பிறகு ஒரு பெரிய சத்தம். அப்பப்பா! என்ன சொல்லுகிறார் என்று எல்லாரும் கேட்டோம். ‘மாமாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, அதுதான் கத்துகிறார்’ என்று சொன்னாள். சொல்லிக்கொண்டு அவளும் அழுதாள். அதைப் பார்த்து என் மனைவியும் அழுதுவிட்டார்.”

சனிக்கிழமை காலை பத்து மணி. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணி. நான் மணிக்கூடு பார்க்காமல் சொல்லக்கூடிய கணக்கு. அவன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த ஃபோனுக்குள் பிள்ளை இருந்திருக்கிறாள். நான் கத்தின ஒவ்வொரு சொல்லையும், தான் வாழப்போகிற வீட்டுச் சனத்தைச் சுற்றி வைத்துக்கொண்டு, அவள் ஒருத்திதான் விளங்கிக் கேட்டிருக்கிறாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. நான் கொட்டினதை அந்தப் பிள்ளை ஒரு பொய்யைச் சொல்லி மூடியிருக்கிறாள். அதுவும் எனக்காக.

அந்த நேரம் பார்த்துச் சிநேகிதன் லட்டுத் தட்டோடு மேசை மேசையாக வந்துகொண்டிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் கைபிடித்து நிற்பதைக் கண்டதும் அவனுடைய நடை நின்றது. முகம் வெளிறிவிட்டது. நான் என்ன சொல்லித் தொலைக்கப் போகிறேனோ என்று அவனுக்குப் பயம்.

சம்பந்தி என் கையை விடவில்லை. “ஒன்று மட்டும் கேட்கவேண்டும். என்ன சொல்லிக் கத்தினீர்கள்? அவள் எங்களுக்கு முழுதாக மொழிபெயர்க்கவில்லை.”

பன்னிரண்டு வருசம் அந்த நாட்டுச் சனத்திடம் கேள்வி கேட்டவன் நான். முதல்தரம் அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்கிறார். யாருக்குப் போட்டார், ஏன் போட்டார், எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

“என் வீட்டு வாசல் உங்கள் சனம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று சொன்னேன்” என்றேன்.

அவர் கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய தோளுக்கு மேலால் நான் சிநேகிதனைப் பார்த்தேன். அவன் கிட்ட வந்து, அவருக்கு ஒரு லட்டைக் கையில் கொடுத்தான். வாயைத் திற என்று எனக்குச் சொல்லுவான் என்று நான் நின்றேன். அவன் என் தட்டின் ஓரத்தில் ஒன்றை வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனான்.